கரசாகி பைன் மரமும் ராத்திரி மழையும்: மரக்கட்டை அச்சு போட்ட அனுபவம்

ஜப்பானோட மரக்கட்டை அச்சு ஓவியர் ஹிரோஷிகே 1834 வாக்குல வரைஞ்ச "ஓமி எட்டுக் காட்சிகள்" வரிசைல கரசாகி ராத்திரி மழைன்னு ஒரு படம் இருக்கு, பிவா ஏரிக்கரையில ஒத்தையா ஒரு பிரம்மாண்டமான பைன் மரம், அதுக்கு மேல படம் முழுக்க மேலேர்ந்து கீழ வரைக்கும் மழைக்கோடு. மழையை இவ்வளவு தைரியமா வேற யாரும் வரைஞ்சு நான் பாத்ததில்ல. அதே இடத்தை, அந்தப் படத்துக்குள்ள எழுதியிருக்கற பாட்டை வெச்சு நானே ஒரு மரக்கட்டை அச்சு போடணும்னு ரொம்ப நாளா ஆசை. கியோட்டோல இருக்கறதால அந்த இடம் பக்கம் தான், வார இறுதியில ஒரு சென்செய் (ஆசிரியர்) கிட்ட மரக்கட்டை அச்சு கத்துக்கறேன், அதனால இந்தத் தடவை இறங்கிட்டேன். இது ஹிரோஷிகே படத்தோட நகல் இல்ல, என்னோட படம் தான், ஆனா அவர் பாத்த விஷயத்தைப் பாக்கணும்னு முயற்சி பண்ணினது. எப்படி செதுக்கினேன், எப்படி அச்சடிச்சேன், எங்க கஷ்டம்னு எழுதி வெக்கறேன், இதைத் தொடணும்னு நினைக்கறவங்களுக்குப் பயன்படும்.

முதல்ல பாட்டு, ஏன்னா இந்த வேலைல எல்லா முடிவும் அதுலேர்ந்து தான் வந்துது. ஓமி எட்டுக் காட்சிகள்ங்கறது சீனாவோட ஷியாவ்ஷியாங் எட்டுக் காட்சிகளைப் பாத்து ஜப்பான்காரங்க பிவா ஏரியைச் சுத்தி அமைச்சுக்கிட்டது. இஷியாமால இலையுதிர்கால நிலா, செதால அந்தி வெளிச்சம், மீதெராவோட சாயங்கால மணி, கதாதால இறங்குற வாத்துக்கூட்டம், ஹிரா மலைல பனி, இப்படி எட்டு, அதுல ஒண்ணு கரசாகில ராத்திரி மழை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாகா, அதாவது ஜப்பான் குறும்பாட்டு உண்டு, ஹிரோஷிகே அந்தப் பாட்டையும் படத்துக்குள்ளயே ஒரு கட்டம் போட்டு வெச்சிருக்கார். கரசாகி பாட்டு ஏறக்குறைய இப்படி சொல்லுது: ராத்திரி மழைக்குத் தன்னோட ஓசையை விட்டுக்கொடுத்துட்டு, சாயங்காலக் காத்தோட உதவி இல்லாமயே பேர் வாங்கி நிக்குது கரசாகி பைன். ஜப்பான் பாட்டுல பைன்னு சொன்னாலே அதுல வீசற காத்தோட சத்தம் தான் முதல்ல வரும், அது அவங்களுக்கு அவ்வளவு பழகின விஷயம். இங்க மரம் தன் சத்தத்தை மழைக்குக் குடுத்துடுது. மரம் பேசல, மழை பேசுது.

இந்த இடத்துக்குப் பேர் அதுக்கும் ரொம்ப முன்னாடியே வந்துடுச்சு. 667ல தென்ஜி பேரரசர் தலைநகரை இந்த ஏரிக்கரைக்கு, இப்போ ஓட்சு நகரம் இருக்கற இடத்துக்கு மாத்தினார், 672ல அரியணைக்காக ஜின்ஷின் சண்டை வந்து அஞ்சே வருஷத்துல அது பாழாயிடுச்சு. அப்புறம் அந்தப் பக்கம் வந்த கவிஞர் ஹிதோமரோ பாடினது, ஜப்பானோட ரொம்பப் பழைய பாட்டுத் திரட்டான மன்யோஷூவோட முதல் தொகுதியிலயே இருக்கு, ஷிகாவோட கரசாகி அப்படியே தான் இருக்கு, ஆனா அரண்மனைக்காரங்களோட படகுக்காக எவ்வளவு காத்திருந்தாலும் அது வரப்போறதில்லன்னு. ஆயிரம் வருஷம் கழிச்சு 1685ல ஹைக்கு கவிஞர் பாஷோ வந்து கரசாகி பைன் பூவை விட மங்கலா தெரியுதுன்னு ஒரு ஹைக்கு எழுதறார். ஒருத்தர் காத்திருக்கற கரையைப் பாக்கறார், இன்னொருத்தர் மங்கலா தெரியற மரத்தைப் பாக்கறார், எட்டுக் காட்சி பாட்டு மரத்தைப் பேசாம நிக்க வெக்குது. மூணு பேரும் மரத்தோட இலை எப்படி, பட்டை எப்படின்னு ஒரு வார்த்தை சொல்லல. இதை கவனிச்சதுக்கு அப்புறம் தான் என் ஸ்கெட்ச்ல இருந்த ஊசி இலை, கிளை முடிச்சு எல்லாத்தையும் எடுத்தேன்.

இடத்தையும் போய்ப் பாத்துட்டு வந்தேன். கியோட்டோலேர்ந்து கோசெய் லைன்ல யமாஷினா, ஓட்சுக்யோ, அடுத்து கரசாகி ஸ்டேஷன், அங்கேர்ந்து நடந்தா ஏரிக்கரையில சின்ன கரசாகி கோவில், ஹியோஷி தைஷாங்கற பெரிய கோவிலைச் சேர்ந்தது. ஹிரோஷிகே காலத்து மரம் இப்ப இல்ல, அது 1921ல பட்டுப்போச்சு, இப்ப நிக்கறது அதோட அடுத்த தலைமுறை. ஹிரோஷிகே காலத்து மரத்தோட விதையைக் கொண்டுபோய் கனஸாவால மாயேதா பிரபு ஒருத்தர் வளத்தது கென்ரோகுஎன் தோட்டத்துல இன்னும் கம்பீரமா நிக்குது, பனிக்காலத்துக்கு முன்னாடி உச்சிலேர்ந்து கயிறு இறக்கி கிளையைத் தூக்கிக் கட்டற போட்டோ எல்லாரும் பாத்திருப்பீங்க, நவம்பர் 1ஆம் தேதி முதல்ல கட்டறது அந்த மரத்துக்குத் தான். கரசாகில இருக்கற மரத்துக்கு கிளை அகலமா விரிஞ்சு கீழ முட்டுக்கம்பு குடுத்திருக்காங்க. மரம் உயரத்தை விட அகலத்துல தான் பெருசுன்னு நேர்ல பாத்தா தான் புரியுது, படத்துலயும் அதையே எடுத்துக்கிட்டேன், அகலவாட்டு படம், மரம் முக்கால்வாசி அகலத்தை அடைச்சுக்கிட்டு தாழ்வா, எதிர்க்கரை மிகாமி மலை வேண்டாம், வானத்துக்கும் ஏரிக்கும் நடுவுல கோடு கூட வேண்டாம்.

அளவு ச்சூபன், அதாவது கிட்டத்தட்ட 19க்கு 26 சென்டிமீட்டர். ஹிரோஷிகே பண்ணினது ஓபன் அளவு, 25க்கு 38 பக்கத்துல வரும், அந்த அகலத்துல ஒரே சீரா நிறம் ஏத்தறதுக்கு கை பழக்கம் வேற மாதிரி வேணும், சின்னதுல ஆரம்பிக்கறது தான் நல்லது.

பலகைகளை இப்படிப் பிரிச்சேன். வானமும் ஏரியும் ஒரு பலகை, மரத்தோட திரள் ஒரு பலகை, மழைக்கோடு தனிப் பலகை. வழக்கமா உக்கியோ-எ, அதாவது ஹிரோஷிகே காலத்து மரக்கட்டை அச்சுப் படங்கள்ல கறுப்புக் கோட்டுக்குன்னு ஒரு முக்கியப் பலகை இருக்கும், அதை முதல்ல செதுக்கி அதுலேர்ந்து அச்சு எடுத்து, அந்த அச்சுகள்ல எந்த இடத்துக்கு எந்த நிறம்னு குறிச்சு, அதை வெச்சு நிறப் பலகை எல்லாம் செதுக்குவாங்க. எனக்கு வெளிக்கோடு வேண்டாம், மரத்துக்குக் கோடு போட்டா அது பேச ஆரம்பிச்சுடும். அதனால மழைப் பலகையே முக்கியப் பலகை, மத்தது எல்லாம் அதுக்கு அடங்கி வரணும்.

பலகைக்கான மரம் பத்தி. பழைய காலத்துல மலைச் செர்ரி மரம், யமாசகுரா, நல்லா ஆறப்போட்ட பலகை. அது கெட்டி, கோடு உடையாது, பதினஞ்சு இருபது வருஷம் கழிச்சு எடுத்தாலும் அச்சு போடலாம், ஆனா விலை அதிகம், நல்ல பலகை கிடைக்கறதும் குறைஞ்சு போச்சு. கத்துக்கறவங்க பெரும்பாலும் ஷினாங்கற மென்மையான மரத்தோட பிளைவுட் தான் உபயோகிப்பாங்க, மென்மையா வெட்டும், ரெண்டு பக்கமும் செதுக்கலாம், ஆனா மெல்லிய கோடுன்னு வந்தா ஓரம் பொடிஞ்சுடும், ஈரம் பட்டுப் பட்டு மேல்பரப்பு நார் எழும்பும். அதனால வானத்துக்கும் மரத்துக்கும் ஷினா, மழைக்கு மட்டும் செர்ரி தகடு ஒட்டின பிளைவுட். இது சரியான கூட்டு, யோசிக்காம இதையே செய்யுங்கன்னு சொல்லுவேன்.

மழைப் பலகைல ரேகை, அதாவது மரத்தோட நார் எந்தப் பக்கம் ஓடுதுங்கறது ரொம்ப முக்கியம். அகலவாட்டு படத்துக்குப் பலகையையும் அகலவாட்டுல எடுத்தா ரேகை இடவலமா ஓடும், மழைக்கோடு அதுக்குக் குறுக்க வரும், அரை மில்லிமீட்டர் தடிமன்ல ஒரு கோட்டைக் குறுக்க நிறுத்தினா அது தனித்தனி நார்த்துண்டா தான் நிக்கும், ஈரத்துணி பட்டாலே துண்டு துண்டா உதிரும். அதனால பலகையைத் திருப்பி, ரேகை மேலும் கீழுமா ஓடற மாதிரி வெட்டி வாங்கினேன். முழு மரப் பலகையா இருந்தா இப்படித் திருப்ப முடியாது, மரம் ரேகைக்குக் குறுக்க தான் ஈரத்துல உப்பும், ஒரு பலகை ஒரு பக்கம் உப்ப இன்னொரு பலகை வேற பக்கம் உப்பினா அச்சு ஒண்ணோட ஒண்ணு உக்காராது. பிளைவுட்ல அடுக்குகளை மாத்தி மாத்தி ஒட்டியிருக்கறதால அந்தத் தொல்லை ரொம்பக் குறைவு.

வரைபடத்தை கம்பின்னு (gampi) சொல்ற மெல்லிய ஜப்பான் பேப்பர்ல சுமிங்கற கறுப்பு மைல வரைஞ்சு, முகம் கீழ இருக்கற மாதிரி பலகைல அரிசி மாவுப் பசை தடவி ஒட்டணும். காஞ்சதும் பேப்பரோட முதுகை விரல் நுனியால லேசாத் தேய்ச்சு உருட்டி உருட்டி எடுத்தா நார் அடுக்கு போய் கோடு மட்டும் பளிச்சுன்னு தெரியும், அதுக்கு மேல ஒரு சொட்டு எண்ணெய் தடவினா இன்னும் தெளிவு. பசை சீரா இருக்கறது தான் இதுல எல்லாமே, எங்கயாவது காத்து அடைச்சா அந்த இடத்துல பேப்பர் கத்தியோட எழுந்து வந்துடும். மழைக்கோட்டை நான் ஸ்கேல் வெச்சு வரையல. ஒவ்வொரு கோடும் கையால, மேலேர்ந்து கீழ ஒரே மூச்சுல, சிலது பாதில நிக்கும், சிலது ரெண்டு சேந்து வரும், செங்குத்துலேர்ந்து ஒரு துளி சாய்வு. ஸ்கேல் மழை ஜன்னல் கம்பி மாதிரி ஆயிடும்.

இனி கத்தி. ஹங்கிதோன்னு ஒரு கத்தி, நுனி சாய்வா இருக்கும், கைப்பிடியை முழு முஷ்டியால பிடிச்சு கட்டைவிரலை மேல வெச்சு தன்னைப் பாத்து இழுக்கணும், இடது கை விரல் கத்தியோட முதுகுகிட்ட ஒட்டி வழி காட்டும். முதல் வெட்டு கோட்டை ஒட்டி, ஆனா கத்தி நேரா இறங்கக்கூடாது, கோட்டுக்கு வெளிப்பக்கம் சாய்ஞ்சு இறங்கணும், அப்பதான் செதுக்கின கோடு மேல மெலிசாவும் அடில அகலமாவும் நிக்கும். அடி அகலமா இல்லாத கோடு, பேப்பரை முதுகுப்பக்கம் தேய்க்கற பாரென்ங்கற தட்டோட அழுத்தத்துல சாய்ஞ்சு படுத்துடும். ரெண்டாவது வெட்டு கொஞ்சம் தள்ளி எதிர்ச்சாய்வுல, நடுவுல இருக்கற மரம் சீவலா தானே வெளிய வரும்.

ரேகையோட ஓடற கோட்டுக்கு இன்னொரு பிரச்சனை இருக்கு, கத்தி கோட்டை விட்டுட்டு ரேகை பின்னாடியே ஓடப் பாக்கும். கோடு ஒரு துளி சாய்வா இருந்தா, ஒரு பக்கம் வெட்டும்போது நார் படிஞ்சு சுத்தமா வரும், மறுபக்கம் அதே திசைல வெட்டினா நார் எழும்பி கோட்டுக்குள்ள கிழிஞ்சு போகும். அதனால ஒரு பக்கத்தை மேலேர்ந்து கீழ இழுத்தா மறுபக்கத்துக்குப் பலகையைத் தலைகீழாத் திருப்பி இழுக்கணும். எல்லாக் கோட்டோட இடது பக்கத்தையும் முதல்ல முடிச்சுட்டு அப்புறம் பலகையைத் திருப்பி வலது பக்கம் எல்லாத்தையும் எடுக்கறது தான் சௌகரியம், கை ஒரு தாளத்துக்கு வந்துடும். கத்தியை அடிக்கடி சாணைக்கல்ல தீட்டணும், மழுங்கிட்டுன்னு தெரியறதுக்கு முன்னாடியே தீட்டணும். சென்செய் ஒரு கோட்டைப் பாத்துட்டு ஒண்ணு தான் சொன்னாங்க, கோடு முடியற இடத்துல கத்தியை நிறுத்தாதே, தூக்கிட்டே போ, அப்பதான் மழைத்துளி விழற மாதிரி நுனி கூர்மையா இருக்கும்னு. அதுக்கப்புறம் செதுக்கின கோடெல்லாம் வேற உயிரோட இருக்கு.

கோட்டுக்கு நடுவுல இருக்கற வெத்து இடத்தை எடுக்கறது சின்ன உளி, பெரிய வெத்து இடத்துக்கு அரைவட்ட உளியும் கொட்டாப்புளியும். ஆழம் எல்லா இடத்துலயும் ஒண்ணா வேண்டாம். கோடு நெருங்கி இருக்கற இடத்துல பேப்பர் தொங்காது, அதனால ஆழம் குறைவா இருந்தாலும் போதும், ஆழமா நோண்டினா கோட்டோட பலம் தான் போகும். அகலமான வெத்து இடத்துல ஈரப் பேப்பர் தொய்ஞ்சு கீழ தொட்டுடும், அங்க நல்லா ஆழமா எடுக்கணும். மழைப் பலகைல கோடு ஓரளவு நெருக்கம்ங்கறதால பெருசா கொட்டாப்புளி வேலையே இல்ல, பைன் மரத்தோட பலகைல தான் சுத்தி எல்லாம் எடுக்க வேண்டி இருந்துது.

அச்சு சரியா ஒண்ணு மேல ஒண்ணு உக்காரறதுக்கு கென்தோன்னு ஒரு ஏற்பாடு. பலகையோட கீழ் வலது மூலைல ஒரு எல் வடிவப் பள்ளம், கீழ் ஓரத்துலயே இடப்பக்கம் தள்ளி ஒரு நேர்ப்பள்ளம், பேப்பரோட தடிமன் தான் ஆழம். எல்லாப் பலகைலயும் ஒரே இடத்துல. பேப்பரோட மூலையை எல்லுக்குள்ள வெச்சு, ஓரத்தை இன்னொண்ணுல தட்டி விட்டு இறக்கினா போதும். எட்டு பத்து நிறத்துல போட்ட பழைய படங்கள் தலைமுடி அகலம் கூடப் பிசகாம வர்றதுக்கு இந்த ரெண்டு சின்னப் பள்ளம் தான் காரணம், வேற மெஷின் ஒண்ணும் கிடையாது, இதை நினைச்சாலே எனக்கு மலைப்பா இருக்கு. இதுக்குன்னே அகலமான தட்டை உளி தனியா விக்கறாங்க, அதை வாங்கறது உத்தமம்.

பேப்பர், எச்சிஸென்ங்கற ஊர்ப்பக்கம் செஞ்ச கோஸோ (காகித மல்பெரி) நார் பேப்பர். எச்சிஸென்ல இன்னும் கையால ஹோஷோங்கற கெட்டியான கோஸோ பேப்பர் வார்க்கறாங்க, அங்க ஒன்பதாவது தலைமுறை இவானோ இச்சிபெய்க்கு 2000ல அரசாங்கம் வாழும் தேசியப் பொக்கிஷம்னு பட்டம் குடுத்துது. அந்தப் பேப்பரை என் கை பழகறதுக்கு முன்னாடி தொடறது மரியாதை இல்லன்னு நினைச்சு நான் எடுத்தது அதே ஊர்ல செய்யற சாதாரண கோஸோ. கோஸோ நார் நீளம், அதனால ஈரமா இருக்கும்போது எத்தனை தடவை பாரென் போட்டாலும் கிழியாது. பேப்பருக்கு தோசா பூசியிருக்கணும், அதாவது வஜ்ரப் பசையும் படிகாரமும் தண்ணில கரைச்ச கலவை. தோசா இல்லாட்டி நிறம் பேப்பருக்குள்ள பரவி முதுகுப்பக்கம் போயிடும், மேல்நார் பிஞ்சு பலகைல ஒட்டிக்கும். படிகாரம் கூடினா பேப்பர் காலப்போக்குல நொறுங்கும், அதனால இதுல கை அளவு தெரிஞ்சவங்க பூசினதை வாங்கறது நல்லது, நான் பூசினதாவே வாங்கினேன்.

அச்சடிக்கறதுக்கு முந்தின நாளே பேப்பரை ஈரப்படுத்தணும். ஒண்ணு விட்டு ஒண்ணுக்குத் தண்ணி பிரஷ் ஓட்டி அடுக்கி, பிளாஸ்டிக் சுத்தி மேல பலகை வெச்சுட்டா ராத்திரிக்குள்ள ஈரம் எல்லாத்துக்கும் சமமாப் பரவிடும். தொட்டா சில்லுன்னு இருக்கணும், மினுமினுக்கக்கூடாது. ஜூன் மாச மழைக்காலத்துல தான் நான் அச்சடிச்சேன், அது வசதி, ரூம்ல ஈரப்பதம் இருக்கறதால பேப்பர் பாதில காஞ்சு சுருங்கி அச்சு விலகறது குறைவு. ஆனா அதே ஈரத்துல பூஞ்சை சீக்கிரம் வரும், அன்னிக்கே முடிக்க முடியாத பேப்பரை அப்படியே பிளாஸ்டிக்கோட ஃப்ரீசர்ல வெச்சுடணும்.

நிறம் ரெண்டே ரெண்டு, சுமி மையும் பிரஷ்யன் ப்ளூவும். பிரஷ்யன் ப்ளூ ஐரோப்பாவுல 18ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல கண்டுபிடிச்ச செயற்கை நிறம், ஜப்பானுக்கு 1830 வாக்குல மலிவா கிடைக்க ஆரம்பிச்சதும் தான் ஹொகுசாயும் ஹிரோஷிகேவும் வானத்தையும் தண்ணியையும் அப்படி ஆழமா காட்ட முடிஞ்சுது. பழைய தாவர நீலங்களை ஆழத்துலேர்ந்து வெறுமை வரைக்கும் இவ்வளவு வழவழப்பா கரைச்சு இறக்க முடியாது. ராத்திரிக்கு இந்த நீலத்துல ஒரு துளி சுமி கலந்தா போதும், நிறைய கலந்தா செத்துப்போன சாம்பல் ஆயிடும்.

முதல் அச்சு வானமும் ஏரியும். இங்க போகாஷி, அதாவது நிறம் படிப்படியாக் கரைஞ்சு போறது, அது பலகைல செதுக்கறது இல்ல, ஒவ்வொரு தடவையும் பிரஷ்ல செய்யறது. பலகையை ஈரத்துணியால துடைச்சு, மேல் ஓரத்துல மட்டும் நிறமும் ஒரு துளி அரிசிப் பசையும் வெச்சு, குதிரை முடி பிரஷ்ஷோட ஒரு மூலைல நிறம் இருக்கற மாதிரி பிடிச்சு இடவலமா ஓட்டினா, நிறம் இருக்கற மூலைப்பக்கம் ஆழமாவும் மறுமூலைப்பக்கம் தண்ணியாவும் பரவும். பிரஷ் முடியோட நுனியைச் சுட்டு சுறாத்தோல்ல தேய்ச்சு பிளவுபடுத்தி வெச்சிருக்கணும், இல்லாட்டி பிரஷ் கோடு விழும். அப்புறம் பேப்பரை இறக்கி பாரென். பாரென்ங்கறது உள்ள மூங்கில் மட்டையைத் திரிச்ச கயித்தைச் சுருளாச் சுத்தி, மேல மூங்கில் மட்டையாலயே இழுத்துக் கட்டின வட்டத்தட்டு, கேமெலியா எண்ணெய் ஒரு பொட்டு தடவிக்கிட்டே இருக்கணும். அழுத்தம் மணிக்கட்டுலேர்ந்து வரக்கூடாது, தோள்லேர்ந்து உடம்பு எடையா இறங்கணும்.

வானத்துக்கு ஒரு தடவை வெளிறின நீலம் முழுசா, அது மேல இன்னொரு தடவை மேல் ஓரத்துலேர்ந்து கீழ இறங்கற ஆழம். கீழ ஏரிக்கு வேற ஒண்ணு செஞ்சேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். பசை குறைவா இருந்து அழுத்தமும் லேசா இருந்தா நிறம் சீரா ஒட்டாம எள்ளு தூவின மாதிரி புள்ளி புள்ளியா வரும், கோமா-ஸுரின்னு சொல்லுவாங்க. வழக்கமா இதைத் தவிர்க்கத்தான் பசையே போடறது. ஆனா மழை அடிக்கற தண்ணிப்பரப்பு அப்படித்தானே இருக்கும், அதனால ஏரிப் பக்கம் மட்டும் பசை இல்லாம, பாரெனை மேலாக்க ஓட்டினேன், தண்ணி மேல மழை விழற சொரசொரப்பு தானே வந்துடுச்சு. ஒவ்வொரு அச்சுலயும் வேற வேற மாதிரி விழுது, அது நல்லது தான்.

அடுத்து மரம். இங்க நேர்மாறா, பசை தாராளமா, அழுத்தம் முழுசா, ஒரு புள்ளி தெரியக்கூடாது. முதல்ல நடுத்தர சாம்பல், காயறதுக்கு முன்னாடி இன்னொரு சுத்து அடர்த்தியான சுமி, உச்சிலேர்ந்து கீழ கரைஞ்சு வர்ற போகாஷி. அடிமரம் தண்ணிக்குப் பக்கத்துல ஏறக்குறைய காணாம போயிடும். மரத்துக்குள்ள ஒரு கோடு கிடையாது, விளிம்பு மட்டும் தான் மரம்னு சொல்லுது. அந்த விளிம்பைச் செதுக்கும்போது கிளை நுனியோட தட்டைத்தன்மை, அடுக்கடுக்கா படியற விதம், இதுக்குத்தான் கரசாகிக்குப் போய் வரைஞ்சது எல்லாம் உதவுச்சு. உள்ள ஒண்ணும் இல்லாட்டி விளிம்பு தப்பாம இருக்கணும்.

கடைசியா மழை. கறுப்பா, வெளிறின சாம்பலான்னு யோசனையா இருந்துது, ரெண்டுலயும் அடிச்சுப் பாத்தேன். வானத்து மேல கறுப்புக் கோடு நல்லா நிக்குது, ஆனா அதே கறுப்பு இருட்டு மரத்து மேல போனதும் மறைஞ்சுடுது. அப்ப மழை மரத்துக்குப் பின்னாடி பெய்யற மாதிரி ஆயிடும், பாட்டு சொல்றதுக்கு நேர் எதிர். மரத்தை வெளிற வெச்சா மழை தெரியும், ஆனா ராத்திரி போயிடும். நான் எடுத்த வழி, மரத்தோட சாம்பலை ஒரு படி இறக்கி, உச்சில மட்டும் இருட்டை வெச்சு, மழையை சுத்தமான அடர் சுமில, பசை கொஞ்சம் கூட்டி அடிச்சேன். பசை கூடின சுமி காஞ்சதும் லேசா ஒரு மினுமினுப்பு வருது, படத்தைச் சாய்ச்சுப் பாத்தா உச்சி இருட்டுக்குள்ளயும் கோடு தெரியும். நேராப் பாத்தா மரத்தோட நடுவுலேர்ந்து கீழ முழுக்க மழை முன்னாடி தான் நிக்குது. ஹிரோஷிகே 1857ல போட்ட ஓஹாஷி பாலத்து மழைப் படத்துல ரெண்டு மழைப் பலகையை வேற வேற சாய்வுல போட்டு ஆழம் காட்டியிருக்கார், வான்கோ எண்ணெய் வண்ணத்துல பாத்து வரைஞ்சது அதைத்தான். அது ஜனங்க ஓடற சாயங்கால மழை, அதுக்கு அந்த அவசரம் வேணும். கரசாகிக்கு ஒரே திசை, ஒரே பலகை போதும்.

மழைப் பலகையை அச்சடிக்கும்போது நிறம் ரொம்பக் கொஞ்சமா போடணும், கோட்டுக்கு நடுவுல தேங்கினா பேப்பர்ல கறை. பிரஷ்ஷைக் கோட்டோட திசைலயே ஓட்டாம வட்டமா ஓட்டி, கடைசியா ஒரு தடவை மட்டும் கோட்டோட திசைல இழுத்து தேங்கினதை எடுக்கணும். பாரெனும் கோட்டோட போகாம குறுக்க லேசா.

அச்சு முடிஞ்சதும் ஈரம் போறதுக்குக் கெட்டி அட்டைகளுக்கு நடுவுல அடுக்கி எடை வெச்சு, அட்டையை மாத்தி மாத்திக் காய வெக்கணும், காத்துல தொங்கவிட்டா அலை அலையா சுருங்கும். பலகையைத் தண்ணில கழுவி நிழல்ல செங்குத்தா நிறுத்திக் காய வெச்சா வளையாது. மாட்டறதா இருந்தா ஒண்ணு கவனிங்க, பிரஷ்யன் ப்ளூவுக்குக் காரத்தன்மை ஆகாது, ஃப்ரேம் கடைல நல்லதுன்னு குடுக்கற கார அட்டைல வெச்சா நீலம் வெளிறும், அதனால கால்சியம் சேர்க்காத நடுநிலை அட்டையாக் கேட்டு வாங்குங்க. டேப் ஒட்டவே கூடாது, மேல் ஓரத்துல ரெண்டு சின்ன கோஸோ பேப்பர் துண்டு, அரிசிப் பசை, அதுல தொங்கினா போதும், பேப்பர் ஈரத்துக்கு விரியவும் சுருங்கவும் இடம் இருக்கும், வேணும்னா தண்ணி தொட்டுப் பிரிச்சும் எடுத்துடலாம். மழைப் பலகைல கோடு இன்னும் உடையாம நிக்குது, அடுத்து அதே பலகையை வெச்சு கரசாகி மரம் இல்லாம வெறும் ஏரியும் மழையும் மட்டும் ஹிதோமரோ பாட்டுக்குப் போட்டுப் பாக்கறேன், கரை ஓரத்துல படகு நிக்கற இடத்தை வெத்தா விட்டுட்டு.